பழைய 800-க்கு அலாய் வீல் மாட்டுவதற்கு முன்னால்

எங்கள் மாருதி 800 அப்பா 1987-இல் வாங்கியது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூரைக்குக் கீழேதான் நிற்கிறது. ஆனாலும் தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று அதை விடுவதில்லை. இரும்பு வீலைக் கழற்றியபோது, வீல் உட்காரும் அச்சு முகமான ஹப்பில் துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. அலாய் மாட்ட நினைப்பவர்கள் டிசைன் பார்ப்பதற்கு முன் இந்த இடத்தைப் பாருங்கள். வீல் ஹப்பின் மேல் தட்டையாக உட்கார வேண்டும். இடையில் ஒரு துருச் செதில் இருந்தாலும் போதும், அப்போதைக்கு நட்டு இறுகியது போலத்தான் தெரியும். ஓட ஓடச் செதில் நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும்.

வயர் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, இரும்பு பளபளவென்று தெரியும்வரை விடாதீர்கள். அப்புறம் தின்னர் தொட்ட துணியால் துடைத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நடுவில் எழும்பி நிற்கும் வளையத்தைச் சுற்றி மட்டும் லேசாகக் கிரீஸ் தடவலாம். ஈர உப்புக்காற்றில் அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கொண்டால், பஞ்சர் ஆன அன்று வீல் வராது. நட்டு ஏறும் மரையாணியான ஸ்டட்டிலும், வீலில் நட்டு உட்காரும் குழியிலும் கிரீஸ் படக்கூடாது.

800-க்கு நாலு ஸ்டட், அவற்றின் நடுப்புள்ளிகள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், அதாவது பி.சி.டி., 114.3 மி.மீ. ஒரு ஸ்டட்டின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஸ்டட்டின் உள் விளிம்புவரை வெர்னியர் வைத்தால் இந்த அளவு வரும். ஸ்விஃப்ட் வீல் 4×100, அதாவது நாலு ஸ்டட், பி.சி.டி. 100 மி.மீ., சேராது. ஓட்டையை நீளமாக்கித் தருகிறேன் என்று லேத் பட்டறையில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஆஃப்செட்டுக்கு, அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்று அறிய, வீலின் உள்பக்க விளிம்பில் நேரான மரச்சட்டத்தை வைத்து, ஹப் தொடும் முகம்வரை ஆழம் அளந்து பழைய வீலோடு ஒப்பிடுங்கள். நடு ஓட்டை ஹப் வளையத்தைவிடப் பெரிதாக இருந்தால் சரியான அளவில் சென்டர் ரிங் போட வேண்டும்.

இனி நட்டு. இதில்தான் நான் அடிபட்டேன். வீல் வாங்கிய கடையில் கொடுத்த குரோம் நட்டு இரண்டு சுற்று கையால் போனது, பிறகு இறுகியது. "புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்று ஏர் கன்னை வைத்துவிட்டார்கள். நம் வண்டியின் ஸ்டட் 12 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மி.மீ. அந்த நட்டு 1.5, டொயோட்டா, ஹூண்டாய் வண்டிகளுக்கு வருவது. கழற்றியபோது ஸ்டட் மரை கம்பிச் சுருளாக நட்டோடு வந்தது. நாலு ஸ்டட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. சரியான நட்டு கடைசிவரை விரலாலேயே ஓடும். ஸ்டட் நுழையும் இடத்தில் அலாயின் தடிமன் இரும்பு வீலைவிட அதிகம் என்பதால், வீல் மாட்டிய பிறகு மரை எவ்வளவு பிடிக்கிறது என்றும் எண்ணுங்கள். பத்துச் சுற்றாவது வேண்டும். அதுதான் 12 மி.மீ. பிடிப்பு.

நட்டின் கூம்பும் வீலின் குழியும் பொருந்துகின்றனவா என்று அறிய, குழியில் நீல மார்க்கர் பூசி நட்டைக் கையால் இறுக்கிக் கழற்றுங்கள். மை சுற்றிலும் பட்டையாக அழிந்திருந்தால் சரி. ஒரு மெல்லிய கோடு மட்டும் என்றால் அந்த நட்டு வேண்டாம்.

டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் வீலை மாட்டிச் சுழற்றி, பிரேக்கில் படுகிறதா பாருங்கள். வண்டியின் டயர் 145/70 ஆர் 12, விட்டம் சுமார் 508 மி.மீ. 155/65 ஆர் 13 போட்டால் 532 ஆகும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 63-இல் ஓடும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்கார்டில் உரசவும் கூடும். எனக்கு 12 அங்குலமே போதும் என்று தோன்றியது. வண்டியின் முகமும் மாறவில்லை.

ஜாக்கியில் இருக்கும்போதே நட்டுகளை எதிரெதிராகக் கையால் இறுக்குங்கள். கீழே இறக்கிய பிறகு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இரண்டு மூன்று தவணையாக, கையேட்டில் உள்ள அளவுக்கு. புதுச்சேரி போய்வந்தால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். திரும்பி வந்ததும் வீல் ஆறிய பிறகு ரெஞ்சை மறுபடி வையுங்கள். முதல் தடவை பின்பக்க இடது நட்டு ஒன்று எனக்குக் கால் சுற்று உள்ளே போனது.

ஸ்டெப்னி இரும்பு வீலாகவே இருந்தால் பழைய நட்டு நாலையும் ஒரு பையில் போட்டு அதோடு கட்டி வையுங்கள்.