பாரீஸ் வெற்றி வளைவு: சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள்

பாரீஸில் ஆர்க் டி ட்ரையோம்ஃப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வளைவைச் சுற்றி 12 சாலைகள் வந்து சேரும் பெரிய ரவுண்டானா. வண்டிகளுக்கு நடுவே குறுக்கே ஓடவே ஓடாதீர்கள். ஷான்ஸெலிஸே சாலை முனையில் சுரங்கப்பாதை இருக்கிறது. இறங்கி நடந்தால் வளைவின் அடியிலேயே ஏறிவிடலாம். கீழே சுற்றிப்பார்க்கக் கட்டணமில்லை, மாடிக்குத்தான் டிக்கெட். 284 படிகள், முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாலை 6.30 மணிக்கு அங்கே இருக்கும்படி போங்கள். முதல் உலகப் போரில் உயிர்விட்ட, பெயர் தெரியாத ஒரு வீரரின் கல்லறையில் 1923 முதல் தினமும் சுடரைத் தூண்டிவிடுகிறார்கள். தரையோடு தரையாக ஒரு கல், சுற்றிப் பூக்கள், காற்றில் ஆடும் சிறு நெருப்பு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்புறம் மாடி ஏறுங்கள். குளிர்காலமென்றால் ஊர் முழுக்க விளக்கு எரியும்.