லேஅப் கெடைக்கலன்னா பந்த வெளிய இழுக்காதீங்க: கொடைக்கானல் பசங்களுக்கு எர்லி அஃபென்ஸ்

பாஸ்கெட்பால்ல நம்ம ஸ்கூல் பசங்க ரீபவுண்டு, அதாவது கூடைல விழாம திரும்பி வர்ற பந்து, கைக்கு வந்ததும் அஞ்சு பேரும் ஒரே ஓட்டமா ஓடுவாய்ங்க, ரிங்குகிட்ட ஓடிப் போய் போடுற லேஅப் கெடைக்கலன்னா உடனே பந்த வெளிய கொண்டு வந்து நின்னுகிட்டு கோச் என்ன செட் (முன்னாடியே பழகி வச்ச ஆட்டம்) சொல்றாருன்னு பாப்பாய்ங்க. இதுக்கு நடுவுல அஞ்சாறு செகண்டு இருக்குங்க. அப்ப எதிர் டீம் திரும்பி வந்திருக்கும், ஆனா யாரு யார பிடிக்கணும்னு இன்னும் முடிவாகியிருக்காது. அந்த நேரத்துலயே அடிக்கிறதுதான் எர்லி அஃபென்ஸ். நார்த் கரோலினா யுனிவர்சிட்டில டீன் ஸ்மித் இத செகண்டரி பிரேக்னு பேர் வச்சு காலேஜ் டீம வருஷக்கணக்கா ஆட வச்சாரு.

ரூல்படி 8 செகண்டுல பாதி கோர்ட்ட தாண்டணும், நீங்க 4 செகண்டுனு கேளுங்க. இதுக்கு டிரிபிள் வேகத்த விட, ரீபவுண்டு எடுத்தவன் குடுக்குற முதல் பாஸ், அதாவது அவுட்லெட் பாஸ்தான் முக்கியம். பந்த மேல கொண்டு போற பாயிண்ட் கார்டு ரீபவுண்டு விழுந்த சைடுல சைடுலைனுக்கு முதுகு காட்டி நிக்கணும், அப்பதான் பந்து வாங்கும்போதே முழு கோர்ட்டும் கண்ணுல படும். ஓரத்துல ஆடுற விங் ரெண்டு பேரும் சைடுலைன ஒட்டி கார்னர் வரைக்கும் ஓடணும், உள்ள வளைஞ்சு பந்துகிட்ட வந்தா கூடவே டிஃபண்டரையும் கூட்டிட்டு வந்துருவாய்ங்க, அத கொஞ்சம் கறாரா திருத்துங்க. முதல்ல கெளம்புற உயரமான பையன் நேரா ரிங் முன்னாடி.

ரீபவுண்டு எடுத்து பாஸ் குடுத்தவன்தான் டிரெய்லர், கடைசியா வருவான். நான் ரொம்ப நேரம் செலவழிக்கிறது இவன்மேலதான். இவன பிடிக்க வேண்டிய ஆளு பெரும்பாலும் ரிங்க காப்பாத்த உள்ள ஓடிப் போயிருப்பான், அதனால டிரெய்லர் வந்த வேகத்துலயே பாயிண்ட் கார்டுக்கு ஸ்கிரீன் வச்சான்னா, அதாவது அவன பிடிக்கிற டிஃபண்டர் வழிய மறிச்சு நின்னான்னா, அங்க உதவிக்கு யாருமே இருக்க மாட்டாய்ங்க. இத டிராக் ஸ்கிரீன்னு சொல்வாங்க. விங்குல பந்து இருந்தா முதல்ல ரிங் முன்னாடி நிக்கிறவன பாக்கணும், அங்க வழியில்லன்னா டிரெய்லர் மூலமா பந்த அடுத்த சைடுக்கு மாத்தணும், டிஃபன்ஸ் எல்லாம் ஒரு பக்கம் சாஞ்சிருக்கும்போது எதிர் கார்னர் காலியா கெடக்கும்.

பழக்கும்போது முதல்ல எதிராளே வேணாம், அஞ்சு பேரும் டிரிபிளே இல்லாம பாஸ்லயே எதிர் ரிங்குக்கு போகட்டும். அப்புறம் மூணு டிஃபண்டர உள்ள நிறுத்துங்க, மீதி ரெண்டு பேர் ரிங்குக்கு பின்னாடி இருக்குற பேஸ்லைன தொட்டுட்டு பின்னாடி துரத்தட்டும், அப்பத்தான் மேட்ச்ல வர்ற கொழப்பம் நெஜமாவே வரும். பந்த சைடு மாத்தி போட்ட கூடைக்கு பாயிண்ட் கூட குடுங்க, டிஃபண்டர் மேல ஒட்டி நிக்கும்போது அவசரமா எறிஞ்சா கழிங்க.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், இங்க பொறந்து வளர்ந்த பசங்களுக்கே தொடர்ந்து ஸ்பிரிண்ட் அடிச்சா மூச்சு வாங்கும், மூச்சு வாங்குனா முதல்ல கெடுறது கால் இல்ல, முடிவெடுக்குறதுதான். அதனால நாலு தடவ போய்வந்ததும் நிறுத்தி தண்ணி குடிக்க விடுங்க. மத்தியானம் மூடுபனி எறங்கி சிமெண்ட் கோர்ட் ஈரமாச்சுன்னா ஓட விடவே கூடாது, அன்னைக்கு நடந்தே எடங்கள பழக்குங்க, முட்டி போனா திரும்ப வராது. குளிர்ல பந்துல காத்து அழுத்தம் கொறையும், காலைல ஒரு தடவ பாத்து அடிச்சுக்கோங்க.

மே மாசம் பெரியகுளம் டோர்னமெண்டுக்கு பசங்கள மேட்ச் பாக்க கீழ கூட்டிட்டு போறவங்க, பந்த பாக்காத, டிரெய்லர் எங்க வர்றான்னு மட்டும் பாருன்னு ஆளுக்கொரு டீம பிரிச்சு குடுத்துருங்க.

சைடு மாத்தியும் ஒண்ணும் கெடைக்கலன்னாலும் பந்த வெளிய இழுக்க வேணாம். ரெண்டு கார்னர், ரிங்குகிட்ட ஒரு போஸ்ட், மேல ரெண்டு பேர்னு எல்லாரும் ஏற்கனவே எடத்துல நிக்கிறாய்ங்க, உங்க வழக்கமான செட்ட அங்கருந்தே ஆரம்பிக்கிற மாதிரி வச்சுக்கோங்க.