தூசி உறிஞ்சியின் வெளியேற்ற இரைச்சலைக் குறைக்க

வீட்டுத் தச்சுப் பட்டறையில் தூசி உறிஞ்சியின் காற்றைச் சுவர் வழியே வெளியே விடுபவர்களுக்கு மரத்தூள் தொல்லை தீர்ந்தாலும், பக்கத்து வீட்டாரின் முணுமுணுப்பு தொடங்கிவிடும். வெளியே கேட்கும் அந்த ஊளை பெரும்பாலும் விசிறி இறக்கைகள் காற்றை வெட்டுவதால் எழுகிறது. 12 இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 2,880 முறை சுழன்றால், அது 576 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்.

வெளியேற்றக் குழாயில் ஒரு சைலன்சரைச் சேர்ப்பதே இதற்கு நல்ல வழி. குழாயின் அதே உள்விட்டம் வரும்படி துளைத் தகட்டை உருளையாக வளைத்து, அதன்மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணியைச் சுற்றி, 2 அங்குலக் கனத்துக்கு ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய, தீப்பிடிக்காத பஞ்சு) பொதிந்து, வெளியே பெரிய தகரக் குழாயை மாட்டி, இடைவெளியின் இரு முனைகளையும் அடைத்துவிட வேண்டும். நீளம் 3 அடியாவது இருக்கட்டும். துணியை விட்டுவிட்டால் காற்று இழைகளைப் பிய்த்துக்கொண்டு போகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மெத்தை ஃபோமைத் திணிக்க வேண்டாம். மரத்தூளோடு ஒரு தீப்பொறி வந்தாலும் அது பற்றிக்கொள்ளும்.

குழாயை எங்கும் குறுக்கக் கூடாது. குறுக்கினால் உறிஞ்சும் திறன் குறைவதோடு சீறலும் கூடும். விசிறி வாய்க்கும் சைலன்சருக்கும் இடையே ஒரு சாண் நீளத்துக்கு வளையும் ரப்பர் குழாயை இணைத்தால், மோட்டாரின் அதிர்வு குழாய் வழியாகச் சுவரில் ஏறுவது பெருமளவு குறையும்.