குடல் நுண்ணுயிரிகளும் முதுமையும்: காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் படிக்கும் பிழை

முதுமைக்குக் குடலே காரணம் என்ற எண்ணம் புதியதன்று. நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலி மெச்னிகாஃப், பெருங்குடலில் நிகழும் அழுகலால் உண்டாகும் நஞ்சுகளே உடலைத் தளர்த்துகின்றன என்று கருதிப் புளித்த பாலை வழக்கமாக அருந்தி வந்தார். 1916இல், 71ஆம் வயதில் காலமானார். ஏறக்குறைய அதே கொள்கையை நம்பிய லண்டன் அறுவை மருத்துவர் ஆர்புத்நாட் லேன், மலச்சிக்கல் நோயாளிகள் பலரின் பெருங்குடலையே வெட்டி அகற்றினார். பாதி உண்மையை முழு உண்மையாக எடுத்துக்கொள்ளும் அந்த அவசரம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

முதியவர்கள் பலரின் குடலில் பிஃபிடோபாக்டீரியாக்கள் என்ற நன்மை தரும் நுண்ணுயிரிகள் குறைந்திருப்பதைக் கண்டதும், அவை குறைந்ததால்தான் முதுமை வந்தது என்று முடிவுகட்டிவிடுவதே எல்லாப் பிழைகளிலும் பெரியது. பல் விழுந்தால் மென்மையான உணவுக்கு மாறுகிறோம், நார்ச்சத்து குறைகிறது, குடலின் அசைவு மந்தமாகிறது, மருந்துகள் கூடுகின்றன. இவை ஒவ்வொன்றும் நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றக்கூடியவை. அயர்லாந்தில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், பராமரிப்பு இல்லங்களில் நெடுநாள் தங்கியிருந்தவர்களின் நுண்ணுயிர்க் கூட்டத்தில் பல்வகைமை குறைந்திருந்தது, உடல் தளர்ச்சியும் கூடுதலாக இருந்தது. ஆனால் இல்லத்துக்கு வந்தவர்களிடம் முதலில் மாறியது உணவு. நுண்ணுயிரிகள் அதற்குப் பல மாதங்கள் பின்னரே மாறின.

அதற்காக நுண்ணுயிரிகள் வெறும் பார்வையாளர்கள் என்று சொல்வதும் தவறே. கிருமிகளே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு, வயதோடு சேர்ந்து வரும் மெல்லிய, ஓயாத அழற்சி கூடவில்லை என்றும், அத்தகைய எலிகளை முதிய எலிகளோடு ஒரே கூண்டில் விட்டபோது அழற்சியின் அறிகுறிகள் இரத்தத்தில் உயர்ந்தன என்றும் 2017இல் கண்டறியப்பட்டது. நார்ச்சத்தை நொதிக்கச் செய்து நுண்ணுயிரிகள் உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மை எரிபொருளாகிறது. சுவர் நலிந்தால், உள்ளே நிற்க வேண்டிய பாக்டீரியாத் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்து அழற்சியைத் தூண்டுகின்றன. ஆகவே பாதை இரு திசையிலும் ஓடுகிறது.

அதே 2017இல், சில மாதங்களே வாழும் கில்லிமீன்களில் நடுவயதை எட்டியவற்றுக்கு முதலில் எதிருயிரி மருந்து (ஆன்டிபயாடிக்) கொடுத்து, பின்பு இளம் மீன்களின் குடல் நுண்ணுயிரிகளைச் செலுத்தியபோது அவற்றின் ஆயுள் நீண்டது. மீனில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துவது ஆபத்தானது: நலமான ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிரிகளை நோயாளியின் குடலில் செலுத்தும் மல மாற்றுச் சிகிச்சையின் வழியாக, மருந்துக்கு அடங்காத ஈ. கோலை என்ற பாக்டீரியா தொற்றி நோயாளி ஒருவர் இறந்ததைக் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரிக்க நேர்ந்தது. திரும்பத் திரும்ப வரும் சி. டிஃபிசில் (கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியா) தொற்றுக்கு அச்சிகிச்சை நன்கு பயன்படுகிறது என்பது வேறு செய்தி.

எதிருயிரி மருந்து முடிந்ததும் நன்மை தரும் உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய ப்ரோபயாடிக் மாத்திரை விழுங்கினால் குடல் விரைவில் தேறும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதன்று. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களின் சொந்த நுண்ணுயிரிகள், எதுவும் எடுக்காமல் விடப்பட்டவர்களுடையதைவிடத் தாமதமாகவே திரும்பின. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள் மருத்துவரைக் கேளாமல் உயிருள்ள பாக்டீரியா மாத்திரைகளைத் தொடவே கூடாது.

குடல் நுண்ணுயிரிகளைக் கொண்டு மலப் பரிசோதனை கணித்துச் சொல்லும் 'குடல் வயது' எண்ணுக்கு நான் அதிக மதிப்புத் தருவதில்லை; நலமாக மூப்படைகிறவர்களின் நுண்ணுயிர்க் கூட்டம் ஆளுக்கு ஆள் மேன்மேலும் வேறுபட்டுப் போகையில், எந்த அளவுகோலை வைத்து அதை அளப்பது? நார்ச்சத்தைக் கூட்டுவது நல்லதே. ஆனால் ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பி, நொந்துபோய் விட்டுவிடுவோம். சில வாரங்களில் சிறிது சிறிதாக, போதிய தண்ணீரோடு கூட்டுவதே முறை. விழுங்குவதில் சிரமமோ குடல் சுருக்கமோ உள்ள முதியவர்கள் அதையும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.