நம் கோப்புகள், நம் சர்வர்: நெக்ஸ்ட்கிளவுடைப் பூட்டி வைப்பது எப்படி

நம் கோப்புகளை நம் சர்வரிலேயே வைத்துப் பகிர உதவும் மென்பொருள் நெக்ஸ்ட்கிளவுட். லினக்ஸ் சர்வரில் அதை நிறுவுவது பெரிய வேலை இல்லை. அதைப் பத்திரமாக வைப்பதில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

முதலில் எஸ்எஸ்ஹெச், அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி. பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவிக் கோப்பை வைத்து உள்ளே போக முடிகிறதா என்று இன்னொரு டெர்மினலில் பார்த்துவிட்டு, அப்புறம் பாஸ்வேர்ட் நுழைவை நிறுத்துங்கள். அதுவரை பழைய டெர்மினலை மூட வேண்டாம். ஃபயர்வாலில் 22 (எஸ்எஸ்ஹெச்), 80, 443 (இணையதளம்) ஆகிய போர்ட்டுகள் திறந்திருந்தால் போதும்; டேட்டாபேஸின் 3306 வெளியே தெரியவே கூடாது. ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலையை செர்ட்பாட் என்ற கருவியிடம் விட்டுவிடலாம்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். நிறுவும்போது டேட்டா ஃபோல்டரை இணையதள ஃபோல்டருக்குள்ளேயே வைக்கச் சொல்லும். ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்பாச்சி வெப் சர்வரில் அதைக் காப்பது, அணுகலைத் தடுக்கும் ஒரு சின்ன ஹெச்டிஆக்சஸ் கோப்பு; இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அமைப்பில் ஒரு வரி தவறினால், உங்கள் குடும்பப் படங்களை யார் வேண்டுமானாலும் ப்ரௌசரிலேயே இறக்கிக்கொள்ளலாம். வெளியே தனி ஃபோல்டர் போட்டு, வெப் சர்வரின் பயனரை உரிமையாளராக்கி, அனுமதியை 750 (மற்ற பயனர்கள் உள்ளே பார்க்க முடியாது) என்று வையுங்கள். நிர்வாகி கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் பேக்கப். ஒருமுறை டிஸ்க் போனபோது என்னிடம் எல்லாக் கோப்புகளும் இருந்தன, டேட்டாபேஸ் நகல் இல்லை. நாட்காட்டி, தொடர்புகள், பகிர்ந்த இணைப்புகள் எதுவும் திரும்பவில்லை, ரொம்ப வலித்தது. இப்போது நெக்ஸ்ட்கிளவுடை மெயின்டனன்ஸ் மோடில் (யாரும் பயன்படுத்த முடியாதபடி) வைத்து டேட்டாபேஸ், கன்ஃபிக் ஃபோல்டர், டேட்டா மூன்றையும் வேறொரு கணினிக்கு எடுக்கிறேன். மாதம் ஒருமுறை அந்த நகலைக் காலிக் கணினியில் ஏற்றி, உள்ளே நுழைந்து, ஒரு படத்தைத் திறந்து பார்க்கிறேன்.