பிரிட்டனில் காருக்குத் தனிப் பதிவெண்: வாங்குமுன் அறிய வேண்டியவை

பிரிட்டனில் தம் பெயரையோ முதலெழுத்துகளையோ நினைவூட்டும் பதிவெண்ணைக் காருக்கு வாங்க விரும்புவோர் ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்த வேண்டும்: பணம் கொடுத்தாலும் அந்த எண் அவருடைய சொத்தாகிவிடாது. எண் அரசுக்கே உரியது. ஸ்வான்சியில் இயங்கும் டிவிஎல்ஏ எனப்படும் ஓட்டுநர், வாகன உரிம முகமை, அந்த எண்ணை ஒரு வாகனத்தில் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையை மட்டுமே விற்கிறது. இதன் நன்மைகளில் பெரும்பாலானவையும் தொல்லைகளில் ஏறக்குறைய எல்லாமும் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

வாகனங்களுக்குப் பதிவெண் கட்டாயம் என்பதை 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் கொண்டுவந்தது. 1904 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது எண்களை வழங்கியவை உள்ளூராட்சி மன்றங்கள். எசெக்ஸ் மன்றம் தனக்கென வைத்திருந்த 'எஃப் 1' என்ற எண் 2008இல் 4,40,625 பவுண்டுக்கு விலைபோனது. நல்ல எண்களுக்கு மக்கள் காசு கொடுப்பார்கள் என்பதை அரசு அதற்கு வெகு முன்பே உணர்ந்து, 1989இல் தானே விற்பனையில் இறங்கியிருந்தது.

நன்மைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காரை மாற்றினாலும் எண்ணைக் கூடவே கொண்டுபோகலாம். சிறு தொழில் நடத்துபவரின் வேனில் நினைவில் நிற்கும் எண் இருந்தால் அது செலவில்லாத விளம்பரமாகும். பதினெட்டாவது, இருபத்தொன்றாவது பிறந்தநாள்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாம். ஆண்டைக் காட்டாத எண்ணாக இருந்தால், காரின் வயது பார்ப்பவருக்குத் தெரியாது; பத்து வயதுக் காரைப் பளபளப்பாக வைத்திருப்பவர்களுக்கு இதுவே முதன்மையான ஈர்ப்பு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தன் பெயரைத் தன் காரில் பார்க்கும் மகிழ்ச்சி இருக்கிறது. அந்த மகிழ்ச்சிக்காக மட்டும் வாங்குபவர்கள்தாம் பின்னர் ஏமாற்றம் அடைவதில்லை என்பது என் கருத்து.

எண்ணைத் தேடத் தொடங்குமுன் அவற்றின் வகைகளைப் புரிந்துகொள்வது பயன் தரும். 2001 செப்டம்பர் முதல் வழங்கப்படும் எண்களில் முதலில் இரண்டு எழுத்துகளும், அடுத்து ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும், இறுதியில் மூன்று எழுத்துகளும் இருக்கும். மார்ச் முதல் பதிவானவற்றுக்கு அந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும், செப்டம்பர் முதல் பதிவானவற்றுக்கு அவற்றோடு 50ஐக் கூட்டிய எண்ணும் வரும். ஆகவே 2024இன் இரு பகுதிகளுக்கும் 24, 74 என்பவை அடையாளம். 1983 ஆகஸ்டு முதல் 2001 ஆகஸ்டு வரையிலான வகையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து முன்னால் நிற்கும். அதற்கு முந்தைய, 1963இல் தொடங்கிய வகையில் அது கடைசியில் நிற்கும். அதற்கும் முற்பட்ட எண்களிலும் வட அயர்லாந்தின் எண்களிலும் ஆண்டுக் குறியே கிடையாது. ஆண்டைக் காட்டாத பழைய எண்கள் பொதுவாக விலை கூடியவை. வட அயர்லாந்து எண்களில் ஐ அல்லது இசட் என்ற எழுத்து கட்டாயம் வந்துவிடுவதால், அவற்றில் பல ஒப்பீட்டளவில் மலிவாகக் கிடைக்கும்.

இங்கே மீறவே முடியாத விதி ஒன்று உண்டு. காரை அதன் உண்மை வயதைவிடப் புதியதாகக் காட்டும் எண்ணை அதற்கு இட முடியாது. 2019 மார்ச்சில் பதிவான காருக்கு 15 என்ற குறியுள்ள எண்ணை இடலாம். 24 என்ற குறியுள்ளதை இட முடியாது. பழையதாகக் காட்டுவதற்குத் தடையில்லை.

தமிழ்ப் பெயர்களுக்கு மிகவும் இசைவது எழுத்து முன்னால் நிற்கும் வகைதான். ராஜன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஆர் என்ற எழுத்து, ஏ போலத் தோன்றும் 4 என்ற இலக்கம், பிறகு ஜே, ஏ, என் என்ற மூன்று எழுத்துகள் என அமைத்தால் பெயர் முழுதாக வந்துவிடும். இந்த வகையில் 1 முதல் 20 வரையிலான எண்களைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடாமல் பின்னர் விற்பதற்காக ஒதுக்கி வைத்திருந்ததால்தான் இத்தகைய சேர்க்கைகள் சந்தைக்கு வந்தன. ஆர் என்பது 1997 ஆகஸ்டில் தொடங்கிய ஆண்டுக்குரிய எழுத்து; ஆகவே அதற்குப் பின் பதிவான எந்தக் காருக்கும் அது பொருந்தும். 1 ஐயாகவும், 3 ஈயாகவும், 5 எஸ்ஸாகவும், 8 பியாகவும் வாசிக்கப்படும் என்பதை வைத்துக் கொஞ்சம் கற்பனையோடு தேடலாம். சுப்பிரமணியம், பாலசுந்தரம் போன்ற நீண்ட பெயர்க்காரர்கள் ஏழு இடங்களுக்குள் அடங்க முயன்று களைத்துப்போவதைவிட முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எண்கணிதம் பார்த்து 8ஐத் தவிர்க்கவும் கூட்டுத்தொகை 9 வரவும் விரும்புவோர், இன்றைய வகையில் நடுவிலுள்ள இரு இலக்கங்களை அரசே நிர்ணயித்துவிடுவதால், பழைய வகைகளில்தான் தேட வேண்டியிருக்கும்.

விலை 250 பவுண்டில் தொடங்குகிறது. டிவிஎல்ஏ இணையதளத்தில் நிலையான விலைக்கு விற்கப்படும் எண்களில் வாட் வரியும், எண்ணை வாகனத்துக்கு இடுவதற்கான 80 பவுண்டுக் கட்டணமும் உள்ளடங்கியவை. ஏலத்தில் அப்படியன்று. ஏலத்தொகையின் மேல் 8 விழுக்காடு வாங்குபவர் கட்டணமும், இரண்டுக்கும் 20 விழுக்காடு வாட் வரியும், கடைசியில் அந்த 80 பவுண்டும் சேரும். ஆயிரம் பவுண்டுக்குக் கை தூக்கியவர் 1,376 பவுண்டு கட்ட வேண்டும். 2014இல் '25 ஓ' என்ற எண்ணை ஃபெராரி கார் வணிகரான ஜான் காலின்ஸ் நான்கு லட்சம் பவுண்டுக்கு ஏலம் எடுத்தபோது, அவர் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை 5,18,480 பவுண்டாக உயர்ந்தது இந்தக் கணக்கின்படிதான். ஆகவே ஏலத்துக்குப் போகிறவர் தம் உச்சவரம்பைக் கட்டணங்கள் நீங்கலாக அல்லாமல், அவற்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலீடாக நினைத்து வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்திகளில் வரும் விலைகள் ஒற்றை எழுத்தும் ஓரிரு இலக்கங்களும் கொண்ட அரிய எண்களுக்குரியவை. முந்நூறு, நானூறு பவுண்டுக்கு வாங்கிய பெயரெண்ணை விற்க முயலும்போது, அதே பெயருள்ள, அதே எழுத்துக்கூட்டலை விரும்புகிற ஒருவர் அகப்பட வேண்டும். அவர் வந்தாலும் இடைத்தரகர் தம் பங்கைப் பிடித்துக்கொள்வார். 250 பவுண்டுக்கு இன்னும் விற்கப்படாத எண்கள் டிவிஎல்ஏயிடம் லட்சக்கணக்கில் இருக்கும்வரை சாதாரண எண்ணின் விலை எகிறும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

டிவிஎல்ஏயிடம் நேரடியாக வாங்கினால் வி750 என்ற உரிமைச் சான்றிதழ் வரும். ஏற்கெனவே ஒரு வாகனத்தில் இருந்து கழற்றி வைக்கப்பட்ட எண்ணுக்கு வி778 என்ற ஆவணம் தரப்படும். இரண்டும் பத்தாண்டுகள் செல்லும்; காலாவதியாகுமுன் கட்டணமின்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம். தனியாரிடம் வாங்கும்போதுதான் எச்சரிக்கை தேவை. எண் ஒரு வாகனத்தில் ஏறும்வரை உரிமை ஆவணத்தில் பெயருள்ளவரிடமே இருக்கும். தாளின் நகலை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு, 'அடுத்த மாதம் காரில் போட்டுக்கொள்கிறேன்' என்று இருப்பது ஆபத்தானது. பணம் கைமாறுவதும் எண் உங்கள் காருக்கு மாறுவதும் ஒரே அமர்வில் நடக்கட்டும்.

எண்ணைக் காருக்கு இடும் வேலையை இணையத்தில் சில நிமிடங்களில் முடிக்கலாம். சான்றிதழும், வி5சி எனப்படும் வாகனப் பதிவேட்டில் உள்ள பதினொரு இலக்க ஆவண எண்ணும் கையில் இருக்க வேண்டும். கார் வரி கட்டப்பட்டதாகவோ, சாலையில் ஓடாதது என முறைப்படி அறிவிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். குத்தகைக் காராக இருந்தால் பதிவேட்டில் குத்தகை நிறுவனத்தின் பெயர் இருக்கக்கூடும். அவர்களின் சம்மதமின்றி எதுவும் செய்ய முடியாது. எண் வேறொருவர் காரில் ஏறியதும் உரிமை அந்தக் காரின் பதிவுபெற்ற பொறுப்பாளருக்குப் போய்விடும் என்பதையும் கவனிக்க வேண்டும். மகனுக்குப் பரிசாகக் கொடுக்கும் தந்தைக்கு இது சிக்கலாகத் தோன்றாது. மனைவியின் பெயரிலுள்ள காரில் தம் எண்ணை இட்ட கணவர், பின்னாளில் மணமுறிவு ஏற்பட்டால்தான் இந்த விதியின் எடையை உணர்வார்.

அடுத்தது பலகை செய்வது. பதிவுபெற்ற விற்பனையாளரிடம் மட்டுமே, அடையாளச் சான்றையும் எண்ணுக்கான ஆவணத்தையும் காட்டிச் செய்துகொள்ள வேண்டும். முன்பலகை வெள்ளை, பின்பலகை மஞ்சள், எழுத்துகள் கறுப்பு. ஒவ்வொரு எழுத்தும் 79 மில்லிமீட்டர் உயரமும், 1, ஐ ஆகியவை நீங்கலாக 50 மில்லிமீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். எழுத்துகளுக்கிடையே 11 மில்லிமீட்டரும், இரு தொகுதிகளுக்கிடையே 33 மில்லிமீட்டரும் இடைவெளி வேண்டும். பெயரெண் வைத்திருப்போர் பிடிபடுவது பெரும்பாலும் இந்த 33 மில்லிமீட்டரில்தான். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஆர், 4 என்ற இரண்டும் ஒரு தொகுதி. ஜே, ஏ, என் என்பவை மற்றொரு தொகுதி. நடுவிலுள்ள இடைவெளி பெயரை உடைக்கிறதே என்று அதை நெருக்கினாலோ, 1ஐ எல் போலக் காட்டத் திருகாணியை உரிய இடத்தில் முடுக்கினாலோ, சாய்வெழுத்தைப் பயன்படுத்தினாலோ அது குற்றம். ஆயிரம் பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். ஆண்டுச் சோதனையான எம்ஓடியில் கார் தோற்கும். டிவிஎல்ஏ எண்ணையே பறித்துக்கொள்ளவும் முடியும். பறிக்கப்பட்டால் கொடுத்த பணமும் போனதுதான். பலகையில் பிரிட்டனின் தேசியக் கொடிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. முருகனின் வேலையும் மயிலையும் காரின் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

எண் மாறியதும் யார் யாருக்குத் தெரிவிப்பது என்பதில்தான் மறதி நேர்கிறது. டிவிஎல்ஏ தன் பதிவேட்டை மட்டும் மாற்றும். காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களே சொல்ல வேண்டும். சில நிறுவனங்கள் இதற்குக் கட்டணம் கேட்கும். சொல்லாமல் விட்டால், காவல்துறையின் தானியங்கிக் கேமரா உங்கள் காரைக் காப்பீடற்றதாகக் காட்டக்கூடும். லண்டன் நெரிசல் கட்டணம், மாசுக் கட்டண வலயம், டார்ட்ஃபோர்டு ஆற்றுக்கடவைக் கட்டணம், வீட்டு வாசலில் நிறுத்துவதற்கான மன்ற அனுமதி, அலுவலக வாகனத் தரிப்பிடம் ஆகிய அனைத்தும் எண்ணையே நம்பியிருக்கின்றன. தானாகக் கட்டணம் செலுத்தும் கணக்கில் பழைய எண்ணை விட்டுவைத்தவருக்குத் தண்டச் சீட்டு தபாலில் வந்து சேரும்.

நினைவில் நிற்கும் எண்ணை அண்டை அயலாரும் நினைவில் வைத்திருப்பார்கள் என்பதும் ஒரு குறை. கார் எங்கே நின்றது, எப்போது போனது என்பதை ஊரே சொல்லும். சாலையில் ஒரு சிறு உரசல் நேர்ந்தால், பெயரை எழுதிக்கொண்டு ஓட்டுகிறவரைத் தேடிப் பிடிப்பது எளிது. சமூக வலைதளங்களில் படம் போடும்போது எண்ணை மறைத்துவிடுவது நல்லது. ஒருவருடைய எண்ணைத் தங்கள் காரில் போலியாக மாட்டிக்கொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள்.

காரை விற்கும்போது செய்ய வேண்டியதை வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணைக் கழற்றாமல் காரைக் கைமாற்றினால், உரிமையும் காரோடு சேர்ந்து புதியவருக்குப் போய்விடும். பிறகு கெஞ்சினாலும் அவர் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் அல்லர். ஆகவே விளம்பரம் கொடுக்குமுன்பே 80 பவுண்டு கட்டி எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். கார் பெரும்பாலும் தன் பழைய எண்ணுக்கே திரும்பும். அதற்குரிய பலகைகளை மாட்டி, புதிய வி5சி வந்து சேர்ந்த பிறகே விற்க வேண்டும். பழைய இரும்புக்குப் போடும் காருக்கும் இதே ஒழுங்குதான். விபத்தில் கார் பழுதுபார்க்க முடியாத நிலைக்குப் போனால், இழப்பீட்டை ஏற்குமுன் எண்ணை வைத்துக்கொள்ள விரும்புவதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் சொல்ல வேண்டும்; இழப்பீடு தந்தபின் காரின் மிச்சம் அவர்களுடையது. உரிமையாளர் இறந்துவிட்டால், அவருடைய சொத்தைப் பொறுப்பேற்பவர் இறப்புச் சான்றிதழோடும் தமக்குள்ள அதிகாரத்தைக் காட்டும் ஆவணங்களோடும் தபாலில் விண்ணப்பித்து எண்ணைக் குடும்பத்தினரின் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். எண் காரில் இருந்தால், அந்தக் காரை அவசரப்பட்டு விற்றுவிடக் கூடாது. எண் இன்னும் காரில் ஏறாமல் இருந்தால், வி750 அல்லது வி778 தாளை உயிலோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.