ஸ்பேமிலும் இல்லை, இன்பாக்ஸிலும் இல்லை: குப்பை அஞ்சலை ஒழுங்குபடுத்துவது எப்படி?

கடந்த ஆண்டு என் பெறாமகன் ஒரு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்முகத் தேர்வு அழைப்புக்காகக் காத்திருந்தான். "சித்தப்பா, அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வந்து நின்றான். கைபேசியில் இன்பாக்ஸைப் பார்த்தோம், இல்லை. ஸ்பேமிலும் இல்லை. ஜிமெயிலை மடிக்கணினியின் உலாவியில் திறந்து இடப்பக்கப் பட்டியலை விரித்தபோதுதான் 'ஜங்க்' என்று இன்னொரு பெயர் கண்ணில் பட்டது. அழைப்பு அதற்குள் கிடந்தது, ஒன்பது நாளாக.

தவறு என்னுடையது. அவனுடைய மடிக்கணினியில் அஞ்சல் மென்பொருளை நிறுவிக் கொடுத்தபோது, குப்பை என்று தோன்றுவதைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தும் கட்டத்தில் யோசிக்காமல் சரி போட்டுவிட்டேன். ஜிமெயிலுக்கு ஏற்கெனவே ஒரு குப்பைக்கூடை உண்டு. நான் பக்கத்திலேயே இரண்டாவதை வைத்துவிட்டேன், வீட்டாருக்குச் சொல்லாமல்.

எல்லாக் கணக்கின் குப்பையையும் ஒரே இடத்தில் கொட்ட வேண்டியதில்லை. ஒரு கணக்குக்கு ஒரே குப்பைக் கோப்புறை, எந்தக் கருவியில் திறந்தாலும் அதே கோப்புறை. அவ்வளவு போதும்.

முதலில் ஒரு தாள் எடுங்கள். இடப்பக்கம் கணக்குகளையும் வலப்பக்கம் கருவிகளையும் எழுதுங்கள். கனடாவில் இருக்கும் தம்பி எப்போதோ திறந்து கொடுத்த யாகூ கணக்கையும் விடாதீர்கள். மறந்துபோன கணக்கில்தான் குப்பை மலைபோல் சேர்ந்திருக்கும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு கணக்கையும் உலாவியில் திறந்து அதன் குப்பைக் கோப்புறைக்கு என்ன பெயர் என்று பாருங்கள். ஜிமெயிலில் ஸ்பேம், அவுட்லுக்கில் ஜங்க். யாகூவில் மட்டும் ஒரு குழப்பம்: உலாவியில் ஸ்பேம் என்று தெரிவதே வேறு அஞ்சல் மென்பொருளில் 'பல்க்' என்று தெரியும். இரண்டும் ஒன்றுதான். பல்க்கை வேண்டாத கோப்புறை என்று நினைத்து அழிக்க முயலாதீர்கள்.

மூன்றாவது, கருவி எந்த வழியில் அஞ்சலை எடுக்கிறது என்பது. கணக்கின் அமைப்புகளில் ஐமேப் அல்லது பொப் என்று எழுதியிருக்கும். ஐமேப் என்றால் சேவையகத்தில், அதாவது அஞ்சல் நிறுவனத்தின் கணினியில், உள்ள கோப்புறைகள் எல்லாக் கருவிகளிலும் அப்படியே தெரியும். பொப் இன்பாக்ஸை மட்டும் இறக்கித் தரும், ஸ்பேம் கோப்புறை அந்தக் கருவியின் கண்ணுக்கே படாது. பழைய மேசைக் கணினியில் பொப் இருந்தால், அந்தக் கணக்கை ஐமேப் வழியில் புதிதாகச் சேர்த்துவிடுங்கள். இறக்கி வைத்த பழைய கடிதங்களை முதலில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டு கூடைகளை ஒன்றாக்கும் வேலை. நான் கணினியில் பயன்படுத்தும் அஞ்சல் மென்பொருள் தண்டர்பேர்ட் என்பதால் அதையே சொல்கிறேன். கணக்கு அமைப்புகளுக்குப் போனால் ஒவ்வொரு கணக்கின் கீழும் ஜங்க் அமைப்புகள் என்று ஒரு பகுதி இருக்கும். புதிய குப்பையை எங்கே நகர்த்துவது என்ற கேள்விக்குக் கீழே இரண்டு தெரிவுகள். முதலாவது 'ஜங்க்' என்ற கோப்புறைக்கு அனுப்புவது. நான் மாட்டிக்கொண்டது அதில்தான். இரண்டாவது 'வேறு' என்பது. அதைத் தெரிவுசெய்து, ஜிமெயில் என்ற தலைப்பின் கீழுள்ள ஸ்பேமைக் காட்டுங்கள். அங்கே ஸ்பேம் தென்படவில்லையா? உலாவியில் ஜிமெயில் அமைப்புகளைத் திறந்து, லேபிள்கள் பகுதியில் ஸ்பேமுக்கு எதிரே ஐமேப்பில் காட்டும்படி சரி போட்டுவிட்டு வாருங்கள்.

பழைய ஜங்க் கோப்புறையை உடனே அழித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல கடிதங்களை இன்பாக்ஸுக்கு இழுங்கள், மீதியை ஸ்பேமுக்கு. ஸ்பேமுக்குள் இழுப்பது ஜிமெயிலிடம் 'இது குப்பை' என்று முறையிடுவதற்குச் சமம். ஆகவே அவசரத்தில் அத்தனையையும் அள்ளிப் போட்டால் நாளை நல்ல கடிதமும் அங்கேதான் போய் விழும். கோப்புறை வெறுமையானதும் அழிக்கலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஸ்பேமில் இருப்பவற்றை ஜிமெயில் 30 நாளில் தானே அழித்துவிடும். நாமாக உண்டாக்கிய ஜங்க்கில் கிடப்பவை அழியாமல், இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

கைபேசியில் செய்வதற்கு அதிகம் இல்லை. ஜிமெயில் செயலியிலேயே யாகூவையும் அவுட்லுக்கையும் சேர்க்கலாம். ஆனால் அதிலுள்ள 'எல்லா இன்பாக்ஸும்' என்ற காட்சி இன்பாக்ஸுகளை மட்டுமே ஒன்றாக்கும். ஸ்பேமைப் பார்க்க, கணக்குக் கணக்காக மாறித்தான் ஆக வேண்டும். எனக்கு அது சலிப்பு. தண்டர்பேர்டில் கோப்புறைகளை ஒருங்கிணைத்துக் காட்டும் தெரிவு இருப்பதால், மூன்று கணக்குகளின் குப்பையையும் ஞாயிறு காலைத் தேநீரோடு ஒரே பார்வையில் முடித்துவிடுகிறேன். அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் மட்டும் பார்ப்பேன், திறப்பதில்லை. உங்கள் கணக்கு மூடப்படும் என்று மிரட்டும் கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடவே கூடாது.

நல்ல கடிதம் குப்பையில் அகப்பட்டால், உலாவியிலோ செயலியிலோ 'ஸ்பேம் அல்ல' என்ற பொத்தானை அழுத்துங்கள். நீங்களே கேட்டு வாங்கிய கடை விளம்பரம் அலுத்துவிட்டதா? அதை ஸ்பேம் என்று முறையிடாமல் சந்தாவை நிறுத்துங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் மட்டும் அந்த நிறுத்தும் இணைப்பையும் தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவருக்கு நாமே அறிவித்ததாகிவிடும்.

கட்டாயம் வந்து சேர வேண்டியவருக்கு ஒரு வடிகட்டி போடலாம். இது கைபேசிச் செயலியில் முடியாது, உலாவிதான் வேண்டும். ஜிமெயில் தேடல் பெட்டியின் வலப்பக்கச் சின்னத்தை அழுத்தி, அனுப்புநர் முகவரியை எழுதி, வடிகட்டியை உருவாக்கும்போது 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்பதற்குச் சரி போடுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வரும் அக்கா விமான டிக்கெட்டை அனுப்பும் முகவரிக்கு இதைப் போட்டிருக்கிறேன். பெறாமகனின் கணக்கில், அந்த நிறுவனத்தின் முகவரிக்கு அவனே போட்டுக்கொண்டான். என்னிடம் கேட்கவில்லை.